அந்த என்ஜின் எது என்று சொல்லிவிட்டாவது போயிருக்கலாம்

டெட்ராய்ட்டின் வடக்குப் புறநகரில் இயங்கும் எங்கள் ஏ.எம். (மத்திய அலை) வானொலி நிலைய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

இந்த மடலைத் தமிழில் எழுதுவதற்காக மன்னிக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஏற்கெனவே மூன்று எழுதிவிட்டேன். மூன்றுக்கும் நொடிப்பொழுதில் ஒரே பதில் வந்தது: ‘உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்.’ எப்படியும் படிக்கப்போவதில்லை என்று தெரிந்த பிறகு, எனக்குத் தடையில்லாமல் கோபம் வருகிற மொழியிலேயே எழுதிவிடலாம் என்று தோன்றியது. தவிர, ட்ராய், நோவை, கேன்டன் பக்கம் கார் கம்பெனிகளில் வேலை பார்க்கும் தமிழர்கள் பலர் வேலைக்குப் போகிற வழியில், நீங்கள் இப்போது நிறுத்திவிட்ட பழைய கார் நிகழ்ச்சியைக் காலையில் கேட்டவர்கள். அவர்களாவது படிப்பார்கள்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். அந்த வெள்ளிக்கிழமை காலை 7.40க்கு வழக்கம்போல ‘இது எந்த என்ஜின்?’ போட்டி வந்தது. பதினைந்து நொடி ஓசை. ஆறு சிலிண்டர் என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. “விடை திங்கட்கிழமை. அதுவரை உங்கள் மெக்கானிக்கைக் கேட்காதீர்கள், அதற்கும் பில் போடுவார்” என்று சொல்லி, நிகழ்ச்சியை நடத்திய இருவரும் சிரித்தார்கள். திங்கட்கிழமை 7.40க்கு வேறு யாரோ பேசினார். எந்த ஊரிலோ உட்கார்ந்து எத்தனையோ ஊர்களுக்குச் சேர்த்துப் பேசுகிற குரல். “எங்கே இருந்தாலும் இன்றைய வெயிலை அனுபவியுங்கள்” என்றார் அந்தப் புண்ணியவான். நான் அப்போது ஐ-75 நெடுஞ்சாலையில், கொட்டுகிற பனியில், உப்புத் தூவும் லாரியின் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தேன்.

விடைபெறும் நிகழ்ச்சி இல்லை, ஒரு வரி அறிவிப்பு இல்லை. வீட்டு வாடகைக்காரர் காலி செய்தால்கூடப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போவார்.

என் கோரிக்கை சிறியது. காலை 7.40 முதல் 8 மணி வரை, இருபது நிமிடம், இந்த ஊர்க்காரர்கள் பேசும் பழைய கார் நிகழ்ச்சியை ஏ.எம். அலைவரிசையில் திரும்பக் கொடுங்கள். காலை முழுவதையும் கேட்கவில்லை, இருபது நிமிடம்தான்.

அந்த இருபது நிமிடத்தில் என்ன இருந்தது என்று உங்களுக்கே நான் சொல்வது அதிகப்பிரசங்கம். ஆனாலும் கணக்குப் பார்த்து நிறுத்தியவர் ஒருநாளாவது கேட்டிருப்பாரா என்ற சந்தேகம் இருப்பதால் சொல்கிறேன். ஒருவர் காரென்றால் உயிரை விடுவார். மற்றவர் டிக்கி எந்தப் பக்கம் என்று கேட்கிற ரகம், அல்லது அப்படி நடிப்பவர். 1957 செப்டம்பரில் ஃபோர்டு ஆரவாரமாக இறக்கி, 1959 நவம்பரில் மூடிய எட்செல் காரைப் பற்றி ஒரு வாரம் ஓட்டினார்கள். அதன் ஒரு வகையில் கியர் பொத்தான்களை, ஹார்ன் இருக்க வேண்டிய இடத்தில், ஸ்டீயரிங் நடுவில் வைத்திருந்தார்கள். “வழிவிடு என்று அழுத்தினால் வண்டி நியூட்ரலுக்குப் போகும், நாம் மற்றவனுக்கு வழிவிட்டு நிற்போம். உலகிலேயே மிகப் பணிவான கார் இதுதான்” என்றார் கார் தெரியாத அந்த இரண்டாமவர்.

1956இல் கிரைஸ்லர் தன் கார்களுக்குள் இசைத்தட்டுப் பெட்டி வைத்துக் கொடுத்தது. அதை இன்றைய மிச்சிகன் சாலையில் போட்டால் எப்படிக் கேட்கும் என்று வாயாலேயே செய்துகாட்டினார்கள்: பல்லவியின் முதல் சொல், ஒரு பள்ளம், நேராகக் கடைசிப் பாட்டின் கடைசிச் சொல். சிரிப்பில் நான் திரும்ப வேண்டிய வழியைத் தவறவிட்டு எயிட் மைல் ரோடு வரை போய்த் திரும்பினேன். கிரெம்லின் என்ற குட்டைக் காரை ஏ.எம்.சி. கம்பெனி 1970ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியில் வெளியிட்டதைச் சொல்லிவிட்டு, “கேலி செய்யும் வேலையைக் கம்பெனியே முடித்துவிட்டதால் இன்று எங்களுக்கு விடுமுறை” என்று இரண்டு நிமிடம் முன்னதாகவே முடித்தார்கள்.

நானும் ஒருமுறை போன் செய்திருக்கிறேன். காரைக்குடிப் பக்கம் என் தாத்தா காலத்தில் எந்த காரானாலும் ‘பிளசர்’ என்றுதான் சொல்வார்கள், ‘பிளசர் கார்’ என்று வெள்ளைக்காரர்கள் சொன்னதன் மிச்சம் அது என்றேன். அந்த வாரம் முழுக்க, “இன்றைய பிளசர்” என்றுதான் ஒவ்வொரு காரையும் அறிமுகப்படுத்தினார்கள். பதினெட்டு ஆண்டு இந்த ஊரில் வரி கட்டியபோது வராத உரிமை உணர்வு அந்த வாரம் வந்தது. இப்போது வருகிற குரலுக்கு நான் எங்கே போன் செய்வது?

என்னை விடுங்கள். நான் போனில் ஒரு பாட்டோ புத்தகமோ கேட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவேன். என் பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பான்டியாக் நகரத்து ஆலையில் 31 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பான்டியாக் என்ற கார் வகையே இப்போது இல்லை, 2010இல் முடிந்துபோயிற்று. ஆனால் அவருடைய கராஜில் 1962ஆம் ஆண்டு பான்டியாக் கேட்டலினா ஒன்று இருக்கிறது. கண்பார்வை மங்கி, மருத்துவர் ஓட்டக்கூடாது என்று சொல்லி மூன்று ஆண்டு ஆகிறது. இருந்தும் தினமும் காலை ஏழரைக்குக் காபியோடு அதில் போய் உட்காருவார். என்ஜினை முடுக்கமாட்டார், மூடிய கராஜில் புகை ஆளைக் கொன்றுவிடும். சாவியைப் பாதி திருப்பி வானொலியை மட்டும் போடுவார். பேட்டரி இறங்காமல் இருக்கச் சிறு சார்ஜர் ஒன்றை இணைத்து வைத்திருக்கிறார்.

அந்த வானொலியைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். ஏ.எம். மட்டும்தான் வரும். ஐந்து பொத்தான்கள். ஒன்றை வெளியே இழுத்து, நிலையத்தைத் திருகிப் பிடித்து, உள்ளே அழுத்தினால் அந்த நிலையம் அந்தப் பொத்தானுக்குச் சொந்தம். மூன்றாவது பொத்தான் நீங்கள். கண் தெரியாவிட்டாலும் விரல் நேராக அங்கே போகும். டயலில் 640, 1240 என்ற இடங்களில் சிறிய முக்கோணக் குறிகள்கூட இருக்கின்றன. 1953 முதல் 1963 வரை, எதிரி விமானம் வந்தால் மக்கள் எங்கே திருப்பிக் கேட்க வேண்டும் என்று அரசு போடச் சொன்ன குறி. அணுகுண்டுக்கே ஏ.எம்.மை நம்பியிருந்த நாடு இது. நீங்கள் ஒரு காலாண்டுக் கணக்குக்குப் பயந்து கைவிட்டீர்கள்.

நிகழ்ச்சி போன மறுநாள் அவர் உங்கள் நிலையத்துக்குப் போன் செய்தார். ‘சிறந்த பகுதிகளை’ உங்கள் செயலியில் கேட்கலாம் என்று பதிவு செய்த குரல் சொன்னது. சனிக்கிழமை நான் போய் அவருடைய போனில் செயலியை ஏற்றினேன். கணக்குத் தொடங்கச் சொன்னது. கடவுச்சொல்லில் ஒரு பெரிய எழுத்து, ஓர் எண், ஒரு குறி வேண்டும் என்றது. அவர் கடவுச்சொல்லாகத் தன் காரின் என்ஜின் அளவைச் சொன்னார், போதாது என்றது. மின்னஞ்சலுக்கு ஒரு குறியெண் வந்தது. அவருக்குப் படிக்க முடியவில்லை, நான் படித்துச் சொன்னேன். பிறகு வாணலி விளம்பரம். பிறகு இன்னொரு விளம்பரம், அதே வாணலி. எல்லாம் முடிந்து ஆறு நிமிடப் பழைய துண்டு ஒன்று ஓடியது. போனை எங்கே வைப்பது? 1962இல் யாரும் அதற்கு இடம் விட்டுவைக்கவில்லை. சாம்பல் கிண்ணத்தில் நிறுத்தினோம். அது சரிந்து சீட்டுக்கு அடியில் போய்விழுந்து, அங்கிருந்து மூன்றாவது முறையாக வாணலி விற்றது.

பெரியவர் கோபப்படவில்லை. டாஷ்போர்டைத் தட்டிக்காட்டி, “இதிலிருந்து வர வேண்டும், பையா” என்றார். எனக்கு வயது 52. பழைய கார்களைப் பற்றிய நிகழ்ச்சியைப் பழைய காரில் கேட்க முடியாதபடி மாற்றியிருக்கிறீர்கள். இதை யோசித்துச் செய்தீர்களா, யோசிக்காமலா என்று எனக்கு விளங்கவில்லை. எது என்றாலும் பெருமைக்குரியதாக இல்லை.

இது உங்கள் ஒரு நிலையத்தின் கதை மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஒரே முதலாளி நாடெங்கும் எத்தனை நிலையம் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று 1996இல் சட்டத்தைத் திறந்துவிட்டார்கள். நிலையத்தின் முக்கிய ஸ்டுடியோ அந்த ஊரிலோ அருகிலோ இருக்க வேண்டும் என்ற விதியை 2017இல் எஃப்.சி.சி. என்ற அரசு ஒலிபரப்பு ஆணையம் எடுத்துவிட்டது. அதே ஆண்டில், நேயர்கள் எழுதும் கடிதங்களைக் கோப்பில் வைத்துப் பொதுமக்களுக்குக் காட்ட வேண்டும் என்ற விதியும் போயிற்று. என் மூன்று கடிதங்களும் எங்கே போயின என்பது இப்போது புரிகிறது. ஆனால் எட்டு ஆண்டுக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்கப் போகும்போது, பொதுநலனுக்கு உழைத்தோம் என்று காட்ட வேண்டிய கடமை மட்டும் இன்னும் இருக்கிறது. அந்த விண்ணப்பத்தில் வாணலியைப் பற்றி என்ன எழுதுவீர்கள் என்று அறிய ஆவல்.

பல ஊருக்குப் பொதுவான நிகழ்ச்சி என்றாலே மட்டம் என்று நான் சொல்லவில்லை. பாஸ்டனில் மெக்கானிக் சகோதரர்கள் இருவர் காரைப் பற்றிச் சிரித்துப் பேசியதை நாடே பல ஆண்டு கேட்டது. ஆனால் அதுவும் 1977இல் ஓர் உள்ளூர் நிலையம் மைக்கைக் கொடுத்ததால் பிறந்தது. நாடெங்கும் போகப் பத்து ஆண்டு ஆயிற்று. அந்த மைக்கைப் பிடுங்கிவிட்டு அடுத்த ஜோடி எங்கிருந்து முளைக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

இதில் எனக்குச் சொந்த வயிற்றெரிச்சல் ஒன்றும் உண்டு. மின்சார காரின் மோட்டாரும் இன்வெர்ட்டரும் கிளப்பும் இரைச்சல் ஏ.எம். வானொலியில் கரகரவென்று விழும். அதை அடக்குவதுதான் என் தொழில். உலோக உறை போட்டு, கம்பியை இடம் மாற்றி, வடிகட்டி வைத்து, மாதக்கணக்கில் போராடுவோம். 2023இல் ஃபோர்டு புதிய கார்களிலிருந்து ஏ.எம்.மை எடுக்கப் போவதாகச் சொல்லி, எதிர்ப்பு வந்ததும் மே மாதத்தில் பின்வாங்கியது. எல்லா காரிலும் ஏ.எம். கட்டாயம் வேண்டும் என்ற சட்ட முன்வரைவை இரு கட்சியினரும் சேர்ந்து கொண்டுவந்தார்கள். இந்தக் காலத்தில் அவர்கள் சேர்ந்து வேறெதைச் செய்தார்கள்? ஆக, நாடாளுமன்றத்தில் ஒருவர் வாதாட, ஆய்வுக்கூடத்தில் நான் இரைச்சலை உறிஞ்ச, கடைசியில் தெள்ளத்தெளிவாகக் காதில் விழுவது என்ன? இல்லாத வெயில்.

மன்னிக்கவும், மரியாதையாக எழுதி முடிப்பதாக என் மனைவியிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஆகவே மீண்டும் பணிவோடு: காலை 7.40, இருபது நிமிடம், ஏ.எம்., இந்த ஊர்க் குரல். பணம்தான் தடை என்றால் சொல்லுங்கள், நேராகவே பேசலாம். உட்வர்ட் அவென்யூவில் ஆகஸ்ட் மாதத்து மூன்றாம் சனிக்கிழமை நடக்கும் பழைய கார் ஊர்வலம், 1995இல் ஃபெர்ண்டேலில் ஒரு கால்பந்து மைதானத்துக்குப் பணம் திரட்டத் தொடங்கியது. மைதானத்துக்கே அத்தனை கார் வந்ததென்றால், ஒரு மைக்குக்கு இந்த ஊர் நிதி தராதா? ஊர்வலத்தன்று பெரியவரின் கேட்டலினாவை நான் ஓட்டுவதாக ஏற்பாடு. பக்கத்தில் உட்கார்ந்து, அன்றாவது அந்த வானொலியில் இந்த ஊர்க் குரல் வருமா என்று கேட்கத்தான் அவர் வருகிறார்.

அதற்கும் மனமில்லை என்றால், ஒரே ஓர் உதவி. அந்த வெள்ளிக்கிழமை என்ஜின் எது? அது 1950களின் ஹட்சன் ஹார்னெட் என்கிறார் பெரியவர். கிரைஸ்லரின் சாய்ந்த ஆறு சிலிண்டர் என்கிறேன் நான். தோற்றால் அவர் ஒரு டஜன் டோனட் வாங்கித் தர வேண்டும், நான் ஒரு டஜன் மெதுவடை. இரண்டிலும் ஓட்டை இருப்பதால் பந்தயம் நியாயமானது என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். உளுந்தை ஊறவைப்பதா வேண்டாமா என்று வீட்டில் வாராவாரம் கேட்கிறார்கள்.

இப்படிக்கு,
மூன்றாவது பொத்தானை இன்னும் மாற்றாத இருவரில் ஒருவன்