பொறுமையை வேண்டும் முன் அடிவயிற்றைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மரணப் படுக்கையில் இருப்பவர்களைப் பராமரிப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். வாய்க்கு வந்தபடி ஏசுகிற, மருந்தைத் தட்டிவிடுகிற, தொட்டால் கடிக்க வருகிற நோயாளியிடத்திலும் இறைவனைக் காண வேண்டும், அதற்கான பொறுமையை அவனிடமே கேட்க வேண்டும் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். கேட்கலாம், தவறில்லை, எங்களில் பலர் கேட்கிறவர்கள்தான். எங்கள் குறை வேறு. முரட்டுத்தனத்தை எப்படித் தாங்கிக்கொள்வது என்று ஒரு பக்கம் முழுக்கப் பேசிய கட்டுரை, அது எங்கிருந்து வருகிறது என்று ஓரிடத்திலும் கேட்கவில்லை.

நேற்றுவரை சாதுவாக இருந்தவர் இன்று கத்தினால் முதலில் பார்க்க வேண்டியது அடிவயிறு. தொப்புளுக்குக் கீழே பந்துபோல உப்பியிருந்து, லேசாக அழுத்தியதும் முகம் சுளித்தால் சிறுநீர் அடைத்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். கடும் வலிக்குத் தரும் மார்ஃபின், சளியை வற்றவைக்கத் தரும் மருந்து, வீங்கிய புராஸ்டேட் சுரப்பி, குடலில் இறுகிக் கிடக்கும் மலம், இவற்றில் எதுவும் அடைப்பை உண்டாக்கும். "டயப்பர் நனைந்துதானே இருக்கிறது?" என்று வீட்டார் கேட்பார்கள். அங்கேதான் ஏமாறுகிறோம். சிறுநீர்ப்பை நிரம்பித் தளும்பும்போது சொட்டுச் சொட்டாக வழிவது சிறுநீர் கழித்ததாகாது. கதீட்டர் என்ற சிறுநீர்க் குழாயைப் போட்டு அரை லிட்டருக்கு மேல் வெளியேறியதும், அதுவரை எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே தூங்கிவிடுவதுண்டு.

மலமும் இதே மாதிரி ஏமாற்றும். மார்ஃபின் தொடங்கும்போது வரும் குமட்டல் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும், மலச்சிக்கல் அடங்காது. எனவே மார்ஃபினின் முதல் டோஸோடு மலமிளக்கியும் தொடங்கியாக வேண்டும். மூன்று நாள் போகாமல் இருந்துவிட்டு நான்காம் நாள் தண்ணீராகக் கசிந்தால் "வயிற்றுப்போக்கு" என்று முடிவுகட்டி, நிறுத்துகிற மாத்திரையைக் கொடுத்துவிடுகிறார்கள். உள்ளே கல்லாக அடைத்திருப்பதன் ஓரமாக வழிகிற நீர் அது. செவிலியர் கையுறை போட்டு ஒரு விரல் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். கண்ணியமான வேலையாகத் தோன்றாது. கருணை பல நேரம் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

அடுத்தது மருந்துச் சீட்டு. மூளை வீக்கம் குறையவும் பசி எடுக்கவும் தரும் ஸ்டீராய்டை மாலையில் கொடுத்தால் இரவெல்லாம் கண் மூடாது. மறுநாள் எரிச்சல் மண்டும். காலையிலேயே கொடுத்து முடிக்க வேண்டும். குமட்டலுக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு சிலருக்கு உட்கார முடியாத, படுக்க முடியாத ஒரு தவிப்பை உண்டாக்கும். கால்களை ஆட்டிக்கொண்டே, எழுந்து எழுந்து நிற்பார்கள். பார்க்கிறவர்களுக்கு அடம் மாதிரி இருக்கும்.

மார்ஃபின் விஷயத்தில் வீட்டார் அதிகம் தடுமாறுவது சிறுநீரகம் செயலிழந்தவர்களிடம். மார்ஃபின் சிதைந்து உண்டாகும் கழிவு வெளியேறாமல் உடம்பில் தேங்கும். கைகால் வெட்டி வெட்டி இழுக்கும், காற்றில் எதையோ பிடிப்பார், எங்கே தொட்டாலும் அலறுவார். வலி கூடிவிட்டதென்று இன்னொரு டோஸ் கொடுத்தால் நிலைமை மேலும் மோசமாகும். அப்போது செய்ய வேண்டியது மருத்துவரை அழைத்து அளவைக் குறைப்பது அல்லது வேறு வலிமருந்துக்கு மாற்றுவது. தினமும் புகைத்தவரும் தினமும் குடித்தவரும் படுக்கையில் விழுந்ததும் இரண்டும் ஒரே நாளில் நின்றுபோகின்றன என்பதையும் யாரும் யோசிப்பதில்லை. அந்தத் தவிப்புக்கும் மருந்து உண்டு. மருத்துவரிடம் சொன்னால்தான் கிடைக்கும்.

டெலிரியம் எனப்படும் குழப்பநிலை கடைசி நாட்களில் மிகப் பலருக்கு வருகிறது. காலையில் தெளிவாகப் பேசியவர் அந்தி சாய்ந்ததும் "என்னை விஷம் வைத்துக் கொல்லப் பார்க்கிறீர்கள்" என்பார். இந்த ஏற்ற இறக்கம்தான் அடையாளம். மகளைப் பார்த்துச் சொன்னாரே என்று மகள் அழுவாள். அவர் மகளைப் பார்க்கவேயில்லை. கட்டிப்போடாதீர்கள், கட்டினால் பயம் இரட்டிப்பாகும். வாதம் செய்யாதீர்கள். கண்ணாடியை மாட்டிவிடுங்கள், காதுக் கருவியின் பேட்டரியைப் பாருங்கள், இரவில் மங்கலாக ஒரு விளக்கு எரியட்டும், தெரிந்த முகம் ஒன்று மட்டும் பக்கத்தில் இருக்கட்டும். இதே குழப்பம் சத்தமில்லாமலும் வரும். முரடர் திடீரென்று சாந்தமாகிவிட்டார், பிரார்த்தனை பலித்தது என்று நிம்மதி அடைவதற்கு முன் அவர் உங்களைத் தெரிந்துகொள்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். செத்துப்போன தாய் வந்து நிற்பதாகச் சொன்னால்? முகத்தில் பயம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பயமில்லை, ஆறுதல்தான் தெரிகிறது என்றால் சும்மா விடுங்கள். அந்தத் தாயை அறையிலிருந்து விரட்டுவது யாருடைய வேலையும் அல்ல.

குளிப்பாட்டும்போதும் திருப்பிப் படுக்கவைக்கும்போதும் மட்டும் அடிக்கிறார் என்றால் அநேகமாக வலிதான் காரணம். வாய்வழி மார்ஃபின் வேலை செய்ய அரை மணி நேரம் ஆகும். வழக்கமான டோஸ்களுக்கு நடுவே தேவைப்பட்டால் கொடுக்க மருத்துவர் எழுதித் தந்த இடைக்கால டோஸைக் கொடுத்துவிட்டு, அரை மணி கழித்துக் கை வையுங்கள். என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். இரண்டு பேர் சேர்ந்து, ஷீட்டோடு பிடித்து, ஒரே அசைவில் திருப்புங்கள். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. வலிமருந்தைக் கத்தும்போது மட்டும் கொடுக்கிற பழக்கம், கத்தினால்தான் மருந்து வரும் என்று நோயாளிக்குச் சொல்லிக்கொடுக்கிறது. பிறகு அவரைக் கத்துகிறார் என்று குறை சொல்கிறோம்.

இத்தனையும் சரிசெய்த பிறகும் கோபம் மிஞ்சும். அது அவருடைய சொந்தக் கோபம். அதற்கு அவருக்கு உரிமை உண்டு. 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் என்ற, சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கான இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், முதலில் செவிலியராகவும் பிறகு சமூகப் பணியாளராகவும் இருந்து கடைசியில் மருத்துவரானவர். சாகிறவரின் வலியில் உடம்பு, மனம், குடும்பச் சூழல், ஆன்மா நான்கும் பின்னிக் கிடக்கின்றன என்றார். ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உள்ளவர். ஆனாலும் அவருடைய இல்லம் எந்த மதத்தவருக்கும், மதமே இல்லாதவருக்கும் திறந்திருந்தது. உங்கள் கட்டுரையாளர் தவறவிட்டது இதைத்தான். படுக்கையருகே முதலில் கேட்க வேண்டியது பராமரிப்பவரின் நம்பிக்கையை அல்ல, படுத்திருப்பவரின் நம்பிக்கையை.

அதற்கு நீண்ட பேச்சு தேவையில்லை. உங்களுக்குத் தெம்பு தருவது எது? இந்த நோயில் அது உதவுகிறதா, இல்லை உறுத்துகிறதா? யாரையாவது பார்க்க விரும்புகிறீர்களா? நாங்கள் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது? உட்கார்ந்துகொண்டு கேளுங்கள். பதில் "ஒன்றும் வேண்டாம், போ" என்றால் அதுவும் பதில்தான். அதை எழுதிவைத்து எல்லோரும் மதிக்க வேண்டும். ஒரு ஷிப்டில் மறுத்தவரிடம் அடுத்த ஷிப்டில் வேறொருவர் வேதப் புத்தகத்தோடு போய் நிற்பது பக்தி அல்ல. நினைவு தப்பியவரின் தலைமாட்டில், அவர் தெளிவாக இருந்தபோது வேண்டாமென்றதைச் செய்வதும் அப்படித்தான்.

கடவுளைத் திட்டுகிறவர்கள் உண்டு. கேட்கிற நமக்குத்தான் பதறும். "எல்லாம் நன்மைக்கே", "அவன் சோதிக்கிறான்" என்று உடனே வாயெடுக்கிறோம். கடவுளுக்கு வக்கீல் தேவையில்லை. "ரொம்பக் கோபமாக இருக்கிறீர்கள்" என்று சொல்லிவிட்டு, பேசாமல் இரண்டு நிமிடம் உட்கார முடிந்தால் போதும். "நான் செய்த பாவம்தான் இப்படி வந்தது" என்கிறவரிடம் "சேச்சே, நீங்களாவது பாவம் செய்வதாவது" என்று அவசரப்பட்டு அணைபோடாதீர்கள். யாரிடமோ மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கலாம். அந்த ஒருவருக்குத் தொலைபேசி போட்டுக் கொடுக்க இன்னும் நேரம் இருக்கலாம்.

இன்னொரு சிக்கல்: துன்பத்தைப் பரிகாரமாக ஏற்று, வலிமருந்தே வேண்டாம் என்கிறவர்கள். வற்புறுத்தாதீர்கள். பிரார்த்தனை செய்ய அறிவு தெளிவாக இருக்க வேண்டும் என்பது சிலருடைய கவலை. டோஸ் நேரத்தை அதற்கேற்ப நகர்த்தலாம், குறைந்த அளவில் தொடங்கலாம். மருந்தை ஏற்பது பாவமோ என்று அஞ்சுகிறவர்களிடம் எங்களைவிட அவர்களுடைய மதகுரு பேசினால் எடுபடும். கத்தோலிக்கர்களுக்குச் சொல்வதானால், வேறு வழியில்லாதபோது வலியைத் தணிக்கத் தரும் மருந்து ஆயுளைச் சற்றுக் குறைக்க நேர்ந்தாலும் அதைப் பெறலாம் என்று 1957இலேயே போப் பன்னிரண்டாம் பயஸ் கூறியிருக்கிறார். உண்மையில், வலிக்கு ஏற்பக் கவனமாகக் கூட்டித் தரப்படும் மார்ஃபின் ஆயுளைக் குறைக்கும் என்ற பயம் பெரும்பாலும் வீண்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கிறவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவருக்குத் தண்ணீர் வேண்டாம், தலையணை வேண்டாம். தனியாகச் செத்துவிடுவோமோ என்ற பயம். அரை மணிக்கு ஒருமுறை வருவேன் என்று சொல்லி, மணி அடிக்கும் முன்பே போய் நின்றால் மணி குறையும். சொன்ன நேரம் தவறினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். ஒன்றும் தன் கையில் இல்லாதவருக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விடுங்கள்: முகம் முதலில் துடைக்கவா, கால் முதலிலா? வாயை மறக்காதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் கலந்து, அதில் நனைத்த மென்மையான பஞ்சால் இரண்டு மணிக்கு ஒருமுறை துடைத்துவிடுங்கள். விழுங்க முடியாதவருக்குப் பஞ்சை நன்றாகப் பிழிந்துவிட வேண்டும். நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டவர் எப்படி இனிமையாகப் பேசுவார்?

இனிப் பராமரிப்பவர். அடி வாங்குவது கருணை அல்ல. கை ஓங்குகிறவர் பக்கத்தில் நேரெதிரே குனியாமல் சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள், கதவுக்குப் போகிற வழியை மறைக்காதீர்கள், சூடான எதுவும் எட்டுகிற தூரத்தில் வேண்டாம். வசவு தாங்கவில்லை என்றால், கட்டில் கம்பியை ஏற்றிவிட்டு, "பத்து நிமிடத்தில் வருகிறேன்" என்று சொல்லிப் போங்கள். பத்தாவது நிமிடம் வாருங்கள். ஷிப்ட் மாறும்போது "அவர் முரடர்" என்று ஒப்படைக்காதீர்கள். "இடது இடுப்பைத் தொட்டபோது அடித்தார்" என்று சொல்லுங்கள். முதல் வாக்கியம் அடுத்தவருடைய முகத்தை இறுக்கும். இரண்டாவது அவரை இடுப்பைப் பார்க்க வைக்கும். சோப்பால் கை கழுவ உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நேரம் 40 முதல் 60 விநாடி. பிரார்த்தனைக்கு அது தோதான இடம். நோயாளியின் காதில் விழாது, கையும் சுத்தமாகும்.

கட்டுரையாளர் தொடாத இன்னொன்று உண்டு. படாதபாடு படுத்தியவர் இறந்ததும் முதலில் வருவது பெரும்பாலும் அழுகை அல்ல, அப்பாடா என்ற நிம்மதி. அடுத்த நொடியே குற்ற உணர்ச்சி வந்து அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். "சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதா" என்று இரவு மூன்று மணிக்கு நினைத்தவர்கள், அந்த நினைப்பாலேயே உயிர் போனதுபோல மாதக்கணக்கில் குமைவார்கள். யாரிடமும் சொல்ல மாட்டார்கள். இறந்த ஓரிரு வாரத்தில் அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் சடங்கு எப்படி நடந்தது என்று விசாரிப்பதோடு நிறுத்தாமல், "கடைசி நாட்களில் உங்களை ரொம்பப் படுத்திவிட்டாரா?" என்றும் கேட்கட்டும்.

இப்படிக்கு,
பாலியேட்டிவ் (வலிதணிப்புப் பராமரிப்பு) பிரிவில் பணியாற்றும் செவிலியர்கள் சிலர்