காய்ச்சலோடு வேலைக்கு வரவைக்கும் விதியை நீக்குங்கள்

எங்கள் தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம். பணியாளர் விதிமுறைக் கையேட்டைத் திருத்தப்போவதாக அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியிருக்கிறீர்கள். பினாங்கு பாயான் லெப்பாஸில் உங்களிடம் பதினாறு ஆண்டுகளாக வேலை செய்கிறவள் நான். கடந்த ஆறு ஆண்டுகளாக இரவு ஷிப்டில் லைன் லீடர். எனக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்கவேண்டியது, மாதம் முழுவதும் தவறாமல் வேலைக்கு வந்தால் சம்பளத்துக்கு மேல் தரும் வருகைப் படியைப் பற்றி.

சென்ற ஆண்டு ஓர் இரவு, மணி மூன்றிருக்கும். நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்திருந்த பெண்ணின் கண்கள் முகமூடிக்கு மேலே சிவந்து கிடந்தன. மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தேன். கையுறையைத் தாண்டிச் சுட்டது. வெளியே அழைத்துப்போய்க் கேட்டபோது, பையிலிருந்து நாலாக மடித்த எம்.சி.யை, அதாவது மருத்துவர் தந்த விடுப்புச் சான்றை, எடுத்துக் காட்டினாள். மாலையிலேயே கிளினிக்கில் வாங்கியிருக்கிறாள். "இதைக் கொடுத்தால் படி போய்விடும் அக்கா. பிள்ளையின் பள்ளி பஸ்ஸுக்கு அதைத்தான் கட்டுகிறேன்" என்றாள். அன்று அவள் பார்த்து அனுப்பிய மின்சுற்றுப் பலகைகள் அத்தனையையும் காலை ஷிப்டினர் மறுபடி சோதித்தார்கள்.

மாதத்தில் ஒரே ஒரு நாள் எம்.சி. எடுத்தாலும் 120 ரிங்கிட் படி முழுவதும் போய்விடும் என்பது நம் கையேட்டின் விதி. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டை ஒட்டி வாங்குகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று நான் சொல்லத் தேவையில்லை. மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 14 நாள், ஐந்து ஆண்டுக்குக் குறைவானவருக்கு 18 நாள், அதற்கு மேற்பட்டவருக்கு 22 நாள் என்று சம்பளத்தோடு மருத்துவ விடுப்புத் தருகிறது. வருகைப் படி நிறுவனம் தானாக விரும்பித் தருவது என்பீர்கள். இருக்கட்டும். சட்டம் ஒரு கையால் கொடுப்பதை நம் கையேடு மறுகையால் பிடுங்குவதாகத்தான் எங்களுக்குப் படுகிறது. சொல்லாமல் வராமல் இருப்பவரின் படியைப் பிடியுங்கள், அது நியாயம். மருத்துவரின் சான்றோடு படுத்திருப்பவரையும் அதே கணக்கில் சேர்க்காதீர்கள்.

2023 ஜனவரியில் சட்டம் மாறியபோது மகப்பேறு விடுப்பை 98 நாளாகவும் வார வேலை நேரத்தை 45 மணியாகவும் உடனே திருத்தினீர்கள். அதற்கு மனமார்ந்த நன்றி. அதே திருத்தத்தில் இன்னொன்றும் வந்தது: வேலை நேரத்தை மாற்றிக் கேட்டு ஒருவர் எழுத்தில் விண்ணப்பித்தால், முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும், மறுத்தால் காரணம் சொல்லவேண்டும். அது நம் கையேட்டில் இல்லை. அம்மாவை வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு அழைத்துப்போகும் தோழி ஒருத்தி பகல் ஷிப்ட் கேட்டு எழுதிக் கொடுத்தாள். நடைபாதையில் வைத்து, "முடியாது" என்ற ஒற்றைச் சொல்தான் பதிலாகக் கிடைத்தது. ஏன் முடியாது என்று தெரிந்திருந்தால், ஷிப்ட் மாற்றிக்கொள்ள அவளே வேறு ஆளைத் தேடியிருப்பாள்.

கருத்துக் கேட்கும் கூட்டத்தைக் காலை 11 மணிக்கு வைத்திருக்கிறீர்கள். இரவு ஷிப்ட் முடிவதே ஏழு மணிக்கு. தொழிற்சாலை பஸ்ஸில் பாலம் கடந்து நிபோங் திபால் போய்ச் சேர்கிறவர்கள் குளித்துச் சாப்பிட்டுக் கண் அயரும் நேரம் அது. மாலை ஷிப்ட் மாறும் வேளையில் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். அதை வேலை நேரமாகவும் கணக்கிடுங்கள். வரைவை ஆங்கிலத்தில் மட்டும் தராமல் மலாயிலும் தமிழிலும் தாருங்கள். தமிழில் எழுதித் தர எங்களிலேயே ஆள் இருக்கிறார்கள், நானும் உட்காருகிறேன்.

வருகைப் படி விதியை மாற்றக் கேட்டு என் லைனில் 31 பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். வரும் திங்கட்கிழமை மாலை ஆறரை மணிக்கு, ஷிப்ட் தொடங்குவதற்கு முன், அந்தத் தாளை உங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவருகிறேன். வாங்கிக்கொள்ள ஒருவர் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
இரவு ஷிப்ட் லைன் லீடர் ஒருத்தி