கைல் பிட்ஸுக்காக இரண்டாம் சுற்றைக் கொடுக்க வேண்டாம்

எடிசன், நியூ ஜெர்சி
மே 2025

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சென்ற இதழின் விளையாட்டுப் பகுதியில், அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்-இன் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணி, அட்லான்டா ஃபால்கன்ஸின் டைட் எண்ட் (பாஸ் பிடிப்பதோடு எதிரணியைத் தடுக்கவும் செய்யும் ஆட்டக்காரர்) கைல் பிட்ஸை டிரேடு (அணிகளுக்கிடையேயான பரிமாற்றம்) மூலம் பெற வேண்டும் என்றும், அதற்காக 2026 டிராஃப்டின் (புதிய வீரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) இரண்டாம் சுற்றுத் தேர்வைக் கொடுத்தாலும் தகும் என்றும் ஒரு கட்டுரை வாதிட்டிருந்தது. பிட்ஸின் திறமையைப் பற்றிக் கட்டுரையாளர் எழுதியவற்றில் பெரும்பகுதியோடு நான் உடன்படுகிறேன். அவர் சொல்லும் விலையோடும், அந்த விலைக்கு அவர் காட்டும் முன்னுதாரணங்களோடும்தான் எனக்கு உடன்பாடில்லை.

2021 டிராஃப்டில் நான்காவது இடத்தில் எடுக்கப்பட்ட பிட்ஸைவிட உயர்ந்த இடத்தில் வேறெந்த டைட் எண்டும் இதுவரை எடுக்கப்பட்டதில்லை. முதல் பருவத்திலேயே 68 கேட்சுகளில் (பிடித்த பாஸ்களில்) 1,026 யார்டுகளை (பந்தை முன்னேற்றிய தூரம்) சேர்த்தார். புதுமுக டைட் எண்ட் ஒருவர் ஆயிரம் யார்டைத் தாண்டியது, 1961-இல் மைக் டிட்கா 1,076 யார்டு எடுத்ததற்குப் பிறகு அதுவே முதல்முறை. அதன் பின் வந்த மூன்று பருவங்களின் கணக்கு 356, 667, 602 யார்டுகள். இவற்றில் முதலாவதை முழங்கால் காயம் பாதியில் முடித்துவிட்டது. மற்ற இரண்டுக்கும் அந்தச் சமாதானம் இல்லை.

பழியை ஃபால்கன்ஸின் முன்னாள் பயிற்சியாளர் ஆர்தர் ஸ்மித் மீது போடுகிறார் கட்டுரையாளர். அதில் நியாயம் உண்டு. 2022-இல் லீகிலேயே மிகக் குறைவாகப் பாஸ் எறிந்த அணிகளுள் ஃபால்கன்ஸும் ஒன்று; அந்த ஆண்டு பந்தை எறிந்தவர்கள் மார்க்கஸ் மரியோட்டாவும் புதுமுகம் டெஸ்மண்ட் ரிடரும். அடுத்த ஆண்டு, டென்னசியில் தமக்குப் பழகிய டைட் எண்ட் ஜானு ஸ்மித்தை ஆர்தர் ஸ்மித் அழைத்து வந்து, டைட் எண்டுக்குப் போகும் பந்துகளில் ஏறக்குறைய பாதியை அவருக்கே கொடுத்தார். ஆனால் 2024-இல் பயிற்சியாளரும் மாறினார், ஆட்டத்திட்டமும் மாறியது, ஜானு ஸ்மித்தும் இல்லை, கர்க் கஸின்ஸ் போன்ற அனுபவமுள்ள குவார்ட்டர்பேக்கும் (பாஸ் எறிபவர்) வந்தார். அப்போதும் 47 கேட்ச், 602 யார்டுதான். அந்த அக்டோபரில் டாம்பா பேக்கு எதிராக அவர் இரண்டு டச்டவுன் (பந்தோடு இறுதிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது) அடித்த ஆட்டத்தைக் கட்டுரை மெச்சுகிறது. அவற்றில் ஒன்றில், தடுக்க யாருமில்லை என்று எண்ணிக் கோட்டருகே அவர் வேகத்தைக் குறைக்க, பின்னால் ஓடிவந்த ஆன்ட்வான் வின்ஃபீல்ட் பந்தைக் கையிலிருந்து தட்டிவிட்டார். பந்து கோட்டைத் தாண்டிய பிறகே நழுவியது என்று நடுவர்கள் முடிவு செய்ததால் அது டச்டவுனாக நின்றது. அதைப் பயிற்சியாளரின் திட்டத்தில் சேர்க்க முடியாது.

சரி, குறையெல்லாம் அட்லான்டாவில்தான் என்றே கொள்வோம். ஜயண்ட்ஸ் ஆடும் ஈஸ்ட் ரதர்ஃபோர்டில் நிலைமை மேலா? டைட் எண்ட் பாதி ரிசீவர் (பாஸ் பிடிப்பவர்), பாதி லைன்மேன் (முன்வரிசையில் நின்று தடுப்பவர்). பிளாக் செய்வது, அதாவது எதிரணியினரைத் தடுப்பது, பிட்ஸின் பலம் அல்ல. பெரும்பாலும் அவரை வெளியே தள்ளி ரிசீவரைப் போலத்தான் நிறுத்துகிறார்கள். அப்படிப்பட்டவருக்கு வேலை வரவேண்டுமானால் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசையான லைன் நிற்க வேண்டும், களத்தின் நடுப்பகுதியை நம்பி எறியும் குவார்ட்டர்பேக்கும் வேண்டும். சென்ற பருவத்தில் லைனின் இடது ஓரத்தைக் காக்கும் டாக்கிள் ஆண்ட்ரூ தாமஸ் கால் காயத்தால் வெளியேறிய பின் நம் லைன் என்ன ஆனது என்பதை 3 வெற்றி, 14 தோல்வி என்ற கணக்கே சொல்லும். மார்ச்சில் நாம் ஒப்பந்தம் செய்த ரசல் வில்சனோ, ஓரங்களில் உயரத் தூக்கிப் போடும் நீண்ட பாஸ்களுக்குப் பேர்போனவர். நடுப்பகுதியைத் தவிர்ப்பவர் என்ற விமர்சனம் அவர் மீது பல ஆண்டுகளாகவே உண்டு.

இதே வில்சனிடம் ஒரு பெரிய டைட் எண்டை விலை கொடுத்து வாங்கிச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதை 2015-இல் சியாட்டில் செய்தே பார்த்தது. நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஜிம்மி கிரஹாமைப் பெற, லைனின் நடுவில் நிற்கும் சென்டர் மேக்ஸ் அங்கரையும் முதல் சுற்றுத் தேர்வையும் அது கொடுத்தது. 2013-இல் 16 டச்டவுன் பிடித்த கிரஹாம், சியாட்டிலில் முதல் ஆண்டு 605 யார்டும் 2 டச்டவுனும் எடுத்து, முழங்கால் தசைநார் கிழிந்து வெளியேறினார். பிந்தைய இரண்டு ஆண்டுகளில் அவர் ஓரளவு மீண்டது உண்மை. ஆனால் அங்கரைக் கொடுத்த லைன் மீளவில்லை, வில்சன் ஓடிக்கொண்டேயிருந்தார். கிரஹாம் வந்தபோது நல்ல ஆட்டத்தில் இருந்தவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இடம் மாறினால் ஆட்டம் மாறும் என்பதற்குக் கட்டுரையாளர் நம் பழைய டைட் எண்ட் இவான் எங்ரமையே சாட்சிக்கு அழைக்கிறார். எங்ரமை மறந்த ஜயண்ட்ஸ் ரசிகர் யார்? 2020 அக்டோபரில் பிலடெல்பியாவில், ஆட்டம் முடிய இரண்டே நிமிடம் இருக்க, பிடித்திருந்தால் வெற்றி உறுதி என்ற பந்து அவர் விரல்களில் பட்டு நழுவியது; 22-21 என்று தோற்றோம். அதே எங்ரம் ஜாக்சன்வில் போய் 2022-இல் 766 யார்டும், 2023-இல் 114 கேட்சில் 963 யார்டும் எடுத்தார். டெட்ராய்ட் கைவிட்ட எரிக் எப்ரான் 2018-இல் இண்டியானபோலிஸில் 13 டச்டவுன் பிடித்ததும் இந்த வகைதான். ஆனால் கட்டுரையாளர் கவனிக்காத ஒன்று இருக்கிறது: இவர்களைப் பெற அந்த அணிகள் ஒரு டிராஃப்ட் தேர்வையும் கொடுக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்தோ விடுவிக்கப்பட்டோ வெளியே நின்றவர்களைச் சம்பளம் மட்டும் பேசி அழைத்துக்கொண்டார்கள். ஜாக்சன்வில் முதலில் எங்ரமுக்குக் கொடுத்தது 90 லட்சம் டாலருக்கு ஓராண்டு ஒப்பந்தம். பலிக்காமல் போயிருந்தால் இழப்பு அதோடு முடிந்திருக்கும். மயாமியில் சென்ற ஆண்டு 884 யார்டு எடுத்த ஜானு ஸ்மித்தும் ஃபால்கன்ஸ் விடுவித்த பிறகு அங்கு போனவர்தான்.

தேர்வைக் கொடுத்து வாங்கியவர்களின் பட்டியல் வேறு மாதிரி இருக்கிறது. 2023-இல் நாமே மூன்றாம் சுற்றுத் தேர்வைக் கொடுத்து டேரன் வாலரை வாங்கினோம். முந்தைய இரண்டு பருவங்களில் காயத்தால் ஆட்டம் தேய்ந்திருந்த அவர் இங்கு 12 ஆட்டங்களில் 552 யார்டு எடுத்தார், ஒரே ஒரு டச்டவுன் பிடித்தார், 2024 ஜூனில் ஓய்வை அறிவித்துவிட்டார். ஃபால்கன்ஸ் அணியே 2020-இல் பால்டிமோரில் எடுபடாத ஹேடன் ஹர்ஸ்டுக்காக இரண்டாம் சுற்றுத் தேர்வைக் கொடுத்தது. அவர் 571 யார்டு எடுத்து மோசமில்லாமல்தான் ஆடினார், ஆனாலும் அடுத்த ஏப்ரலில் அதே இடத்துக்கு அவர்கள் பிட்ஸை எடுத்தார்கள். மினசோட்டா 2022-இல் இரண்டாம் சுற்றைக் கொடுத்து டைட் எண்ட் ஹாக்கன்சனை வாங்கிப் பயனடைந்தது என்று யாராவது சொல்லலாம். ஹாக்கன்சன் அப்போது சோடை போனவர் அல்லர். டிரேடுக்குச் சரியாக ஒரு மாதம் முன்புதான் சியாட்டிலுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 179 யார்டு எடுத்திருந்தார். அடுத்த பருவமும் ஒப்பந்தத்தில் மீதமிருந்தது.

பிட்ஸுக்கு அந்த மீதமும் இல்லை. புதுமுக ஒப்பந்தத்தை அணி ஓராண்டு நீட்டிக்கும் ஐந்தாம் ஆண்டு உரிமையின்படி 2025-க்கு அவருடைய சம்பளம் ஏறத்தாழ 1 கோடியே 9 லட்சம் டாலர். அதோடு ஒப்பந்தம் முடிகிறது. அவர் நன்றாக ஆடினால் மறுபடி பெரிய தொகை பேச வேண்டும். ஆடாவிட்டால் இரண்டாம் சுற்றுத் தேர்வு போனது போனதுதான். புதுமுகக் குவார்ட்டர்பேக் ஜாக்சன் டார்ட்டுக்காக முதல் சுற்றுக்குள் மேலேறியபோது, 2026-இன் மூன்றாம் சுற்றுத் தேர்வை நாம் ஏற்கெனவே ஹூஸ்டனுக்குக் கொடுத்துவிட்டோம். இரண்டாவதும் போனால், அந்த இளம் குவார்ட்டர்பேக்குக்கு அடுத்த ஆண்டு லைன்மேன் தேட, முதல் சுற்றை விட்டால் நூறாவது இடத்துக்குப் பிறகுதான் கை நீட்ட முடியும். 2024-இல் நான்காம் சுற்றில் எடுத்த டைட் எண்ட் தியோ ஜான்சன், காயமடையும் வரை 331 யார்டு எடுத்தார், பிளாக்கும் செய்வார். ரிசீவர் மாலிக் நேபர்ஸ் சென்ற ஆண்டு 109 கேட்ச் பிடித்த அணியில், எஞ்சும் பந்துகளைப் பிடிக்க அவர் போதாதா என்பதை ஒரு முழுப் பருவம் பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.

பிட்ஸ் இங்கு வரவே கூடாது என்பது என் கருத்தன்று. 2023-இல் ஜானு ஸ்மித்தை நியூ இங்கிலாந்திடமிருந்து பெற ஃபால்கன்ஸ் கொடுத்தது வெறும் ஏழாம் சுற்றுத் தேர்வு. நவம்பரில் டிரேடு காலம் முடிவதற்குள் விலை அந்த அளவுக்கு இறங்கினால், பொது மேலாளர் ஜோ ஷோன் தாராளமாகப் பேசட்டும். இறங்காவிட்டால் 2026 மார்ச்சில் பிட்ஸின் ஒப்பந்தம் முடிகிறது. ஃபால்கன்ஸ் அவரைத் தக்கவைத்துக்கொள்ளவில்லை என்றால், ஜாக்சன்வில் எங்ரமை அழைத்த அதே வழியில் அவரையும் அழைக்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்