எந்த மாசத்து மத்தி?

பாம்பன்,
ஞாயிறு மாலை

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. ரத்தக்கொழுப்பு இறங்கி வருகிறது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. வாரம் இரண்டு நாள் மத்தி சாப்பிடச் சொன்னதும் நல்லதுதான். உனக்குத் தந்த உணவுத் தாளில் மத்திக்கு ஒரே கொழுப்புக் கணக்கு போட்டிருக்கிறது, ஆனால் வாங்குகிற மீன் ஒரு வாரம் நெய்யாக வழுக்குகிறது, இன்னொரு வாரம் சக்கையாக இருக்கிறது, ஏன் என்று கேட்டிருந்தாய். போன வருஷம் இதே விஷயத்தில்தான் நான் கையைச் சுட்டுக்கொண்டேன்.

சாளை, அதாவது நீ சொல்கிற மத்தி, மலிவாகக் கிடைத்தது. காரல் என்கிற சின்ன மீனைக் காய வைக்கிற மாதிரியே உப்புப் போட்டு வெயிலில் விரித்தேன். காரல் சதையில் நெய், அதாவது கொழுப்பு, குறைவு, சருகு போலக் காய்ந்துவிடும். இந்தச் சாளையோ நல்ல கொழுத்த மீன். நெய் இருக்கிற சதைக்குள் உப்பு சரியாக இறங்காது. மூன்றே வாரத்தில் வயிற்றுப்பக்கம் மஞ்சள் பூத்து, மூட்டையைப் பிரித்தால் சிக்கு வாடை. வியாபாரி அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த நெய் காற்றுப் பட்டுக் கெட்டதுதான் அந்த வாடை.

மீன்வளம் படிக்கிற என் மகள் அப்புறம் ஒன்று காட்டினாள். இரண்டு வேறு நாள் பிடித்த சாளை, தோல் முள் நீக்கி அரைத்த சதை, பத்துப் பத்து கிராம். 105 டிகிரி அடுப்பில், தண்ணீரெல்லாம் போய் எடை மேலும் குறையாமல் நிற்கிற வரை வைத்தாள். ஒரு கிண்ணியில் மிஞ்சியது இரண்டு கிராமுக்குச் சற்று மேல், வெளுத்த தூள். இன்னொன்றில் மூன்று கிராமைத் தாண்டியது, விரலில் தொட்டால் பிசுக்கு. ஒரே சாதி மீன், மாப்ள!

விஷயம் இதுதான். மீன் சதையில் தண்ணீரும் நெய்யும் சேர்ந்து நூற்றுக்குச் சுமார் 80 பங்கு. நெய் ஏறினால் தண்ணீர் இறங்கும், நெய் கரைந்தால் அந்த இடத்தைத் தண்ணீர் பிடிக்கும். புரதம் அவ்வளவாக ஆடாது. இரை நிறையக் கிடைக்கும்போது மீன் நெய்யைச் சேர்த்து வைக்கிறது. சினை வளர ஆரம்பித்ததும் அந்தச் சேமிப்பை எடுத்துச் செலவழிக்கிறது. முட்டையிட்டு முடித்த மீன் பிள்ளை பெற்ற உடம்பு மாதிரி, மெலிந்து தளர்ந்து தண்ணீராக இருக்கும்.

கோயம்புத்தூருக்கு கேரளக் கடல் மத்தியும் வருகிறதே, அதன் கணக்கு நன்றாகத் தெரிந்தது. தென்மேற்குப் பருவமழையோடு, ஜூன் ஜூலை ஆகஸ்டில் அது முட்டையிடும். மழைக்குப் பிறகு கடலில் நுண்பாசி பெருகும், அதைத் தின்று ஐப்பசி கார்த்திகையில் உருண்டுவிடும். மெலிந்த காலத்தில் நூற்றுக்கு 3 அளவில் கிடக்கிற நெய், கொழுத்த காலத்தில் 15ஐயும் தாண்டும். உனக்கு வேண்டிய ஒமேகா 3 என்கிற நல்ல கொழுப்பு அந்த நெய்யில்தான் இருக்கிறது. பெரும்பாலும் அது அந்தப் பாசியிலிருந்தே மீனுக்கு வருகிறது. ஐந்து மடங்கு ஏறி இறங்குகிற ஒன்றுக்கு, மாசத்தைச் சொல்லாமல் ஒரே எண் போட்டு நோயாளி கையில் கொடுப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நம்ம பக்கம் அந்த மாதக் கணக்கு அப்படியே பொருந்தாது. வாடைக்காற்றில் வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) கொந்தளித்தால் தென்கடலில் (மன்னார் வளைகுடாவில்) வலை போடுவோம், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றில் தென்கடலை விட்டு வடகடலுக்கு வருவோம். இரண்டு கடல், இரண்டு விதமான இரை. அதனால் எங்கள் அம்மா மாசத்தைப் பார்க்க மாட்டார், வயிற்றைக் கீறிப் பார்ப்பார். குடலை ஒட்டி வெள்ளையாக நெய் படிந்திருந்தால் குழம்புக்கு எண்ணெயே ஊற்ற மாட்டார். வயிறு தொளதொளவென்று காலியாக இருந்தால் புளியைக் கூட்டி, நல்லெண்ணெய் விட்டு வைப்பார். நீயும் அப்படியே பார்த்து வாங்கு. மெலிந்த மீனை ஒதுக்காதே, புரதம் அதிலும் இருக்கிறது.

ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடை, அப்போது வந்தால் நாட்டுப்படகு மீன்தான் கிடைக்கும். அதற்கு முன்னால், தை பிறந்ததும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா. புதுப் பாலத்தில் ரயில் ஓடுகிறது. நீ அதைப் பார்த்ததில்லையே. ஜன்னல் பக்கம் இடம் பிடி. மாத்திரைச் சீட்டை மறக்காமல் எடுத்து வா, மகள் பார்க்க வேண்டுமாம்.

உன் மச்சான்