ஒட்டாமல் கொடுத்த கடிதங்கள்

உனக்கு,

பெயர் போடவில்லை. அப்போதும் போட்டதில்லை. கடிதம் அப்பா பெயருக்கு வரும், கடைசி நாலு வரிதான் உனக்கு. ‘அவளை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும்.’ அதையும் அப்பா எதிர்த் திண்ணைக்குக் கேட்கிற குரலில் படிப்பார். நீ கதவுக்குப் பின்னால் நின்றிருப்பாய்.

இதையும் முதலில் படிக்கப்போவது நீ இல்லை. நான் தாளில் எழுதித் தருகிறேன், பேத்தி தட்டச்சு செய்கிறாள். அப்புறம் யார் யாரோ படிப்பார்களாம். எனக்கு இது புதிதில்லை. பட்டாளத்தில் எழுதிய கடிதம் ஒன்றைக்கூட நான் ஒட்டிக் கொடுத்தது கிடையாது. திறந்தபடியே கொடுக்க வேண்டும். அதிகாரி படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பைக்குள் போகும். அங்கே ஒருவர், இங்கே அப்பா. நடுவில் என்னத்தைச் சொல்வது?

முந்தாநாள் உனக்கு முதல் வருஷப் படையல். பெரியவன் வந்தான். சின்னவன் வரவில்லை, காரணம் உனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை. படையல் முடிந்து உன் டிரங்குப் பெட்டியைத் திறந்தார்கள். மஞ்சள் பையில் என் கடிதங்கள் 37 இருந்தன. 1971 அக்டோபரிலிருந்து 1972 டிசம்பர் வரை, ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் தேதி வரிசை பிசகாமல்.

பேத்தி ஆசையாக உட்கார்ந்து படித்தாள். ஏழெட்டு படித்ததும் முகம் வாடிவிட்டது. “தாத்தா, சண்டையைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே. எல்லாத்துலயும் ‘இங்கு நான் நலம், நிற்க’ன்னுதான் இருக்கு” என்றாள். நிற்க என்றால் யாரை நிற்கச் சொல்கிறீர்கள் என்று வேறு கேட்டாள். அவளுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். நீயும் இதையெல்லாம் கேட்டதில்லை.

1971 பாகிஸ்தான் சண்டையில் நாங்கள் இருந்தது மேற்கு எல்லையில், ஷக்கர்கர் பகுதி. கடிதத்தில் அந்தப் பெயரை எழுத முடியாது. 56 ஏ.பி.ஓ. என்ற பட்டாளத்துத் தபால் விலாசம்தான். அதை வைத்து நான் எங்கே இருக்கிறேன் என்று கடவுளாலும் கண்டுபிடிக்க முடியாது. சண்டையைப் பற்றிக் கேட்பவர்கள் எல்லாம் பசந்தர் ஆற்று டாங்கிச் சண்டையைத்தான் கேட்கிறார்கள். டிசம்பர் 16 அன்று அங்கே இறந்த டாங்கி அதிகாரி அருண் கேத்தர்பாலுக்கு 21 வயது, பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள். அவரை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் டாங்கியின் அடிப்பக்கத்தைத்தான் பார்த்திருப்பேன். நான் மதராஸ் சாப்பர்ஸ், பட்டாளத்துப் பொறியாளர் படை. எங்கள் வேலை, மண்ணில் குப்புறப் படுத்து மைன், அதாவது கண்ணிவெடி, தேடுவது. டாங்கி போவதற்குப் பாதை எடுத்துக் கொடுப்பது. அந்தப் பாதையை முழுக்க எடுத்து முடிப்பதற்குள்ளேயே டாங்கிகள் அன்று உள்ளே போய்விட்டன. மேஜர் விஜய் ரத்தன் சவுத்ரி அந்தப் பகுதியில் மைன் எடுக்கும் வேலையின்போதுதான் போனார். மகாவீர் சக்ரா. அவரைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

டிசம்பர் 17 ராத்திரி எட்டு மணிக்குப் போர்நிறுத்தம். ஊரில் நீங்கள் எல்லாம் சண்டை முடிந்துவிட்டது, பொங்கலுக்கு வந்துவிடுவான் என்று நினைத்தீர்கள். நாங்கள் பிடித்த இடத்திலேயே ஒரு வருஷம் உட்கார்ந்திருந்தோம். சிம்லாவில் ஒப்பந்தம் போட்டதே 1972 ஜூலை 2-ம் தேதி. எல்லைக்கு இந்தப் பக்கம் திரும்பி வரும்போது அடுத்த டிசம்பர் ஆகிவிட்டது. அதுவரை வயல்களில் மைன் கிடந்தது. நாங்கள் புதைத்ததற்கு வரைபடம் உண்டு. அவர்கள் புதைத்ததற்கு எங்கள் கைதான் வரைபடம்.

சரி. இதெல்லாம் பேத்திக்கு. இனி உனக்கு.

பெண் பிறந்த செய்தி எனக்குக் கிடைத்தபோது போர்நிறுத்தம் ஆகி ஒரு வாரம். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய இன்லண்ட் கடிதம், உன் தம்பி கையெழுத்து. அகதிகள் நிவாரணத்துக்காக அப்போது எல்லாக் கடிதத்திலும் அஞ்சு பைசா தபால்தலை கூடுதலாக ஒட்ட வேண்டும், அதைக்கூட மஞ்சள் கையோடு ஒட்டியிருந்தீர்கள். லங்கரில் சமையல்காரனிடம் சொல்லி எல்லோருக்கும் கேசரி போட வைத்தேன். ஜனவரி முதல் வாரத்தில் மூன்று பெயர் எழுதி அனுப்பினேன். உனக்கு எது பிடித்திருக்கிறதோ அதை வைக்கச் சொல்லவும் என்று அப்பாவுக்கு எழுதினேன். நான் வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று அப்பா பதில் போட்டார்.

அடுத்த கடிதம் பிப்ரவரியில் வந்தது.

அந்த நாள் பற்றி உன்னிடம் சொன்னதே இல்லை. காலையில் நல்ல பனி, பத்து மணி வரைக்கும் எதிரே இருப்பவன் தெரியவில்லை. பனி விலகிய பிறகு லேனில், மைன் எடுக்கிற பாதையில், இறங்கினோம். வெள்ளை டேப் கட்டி, குப்புறப் படுத்து, பிராடர் கம்பியைச் சாய்த்துக் குத்திக்கொண்டே அங்குலம் அங்குலமாகப் போக வேண்டும். நேராகக் குத்தினால் மைனின் தலையில் குத்தியதாகிவிடும், சாய்த்துக் குத்தினால் பக்கவாட்டில் இடிக்கும். கம்பி நுனியில் கல் இடிப்பதற்கும் இரும்பு இடிப்பதற்கும் மரம் இடிப்பதற்கும் வித்தியாசம் உண்டு. உள்ளங்கைக்குத்தான் அது தெரியும், வாயால் சொல்ல வராது. மத்தியானம் ரொட்டி வந்த வண்டியிலேயே டாக் வந்தது. என் பெயரைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள்.

மூலையில் கறுப்பு.

பிரிக்கவில்லை. அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மறுபடி லேனில் போய்ப் படுத்தேன். ஏன் பிரிக்கவில்லை என்று நீ கேட்பாய். பிரித்தால் கை நடுங்கும். கை நடுங்கினால் போவது நான் மட்டும் இல்லை, பக்கத்து லேனில் இருக்கிறவனுக்கும் பெண்டாட்டி பிள்ளை உண்டு. இது நியாயம்தான். இன்றைக்கும் நியாயம் என்றுதான் சொல்வேன். ஆனால் நியாயத்துக்காக மட்டும் நான் அப்படிச் செய்யவில்லை.

மூன்று மணி நேரம் படுத்திருந்தேன். நெஞ்சுக்கும் தரைக்கும் நடுவில் அந்தக் கடிதம். ஒவ்வொரு குத்துக்கும் ஒன்றையே நினைத்தேன். அப்பாவாக இருக்கட்டும். அவருக்கு வயதாகிவிட்டது, இருமல் வேறு. அப்பாவாக இருக்கட்டும். முருகா, அப்பாவாக இருக்கட்டும். கம்பியைக் குத்தும்போது ஒரு தடவை, எடுக்கும்போது ஒரு தடவை. பெற்ற தகப்பன் சாகட்டும் என்று மூன்று மணி நேரம் வேண்டினேன். அன்று என் லேனில் நாலு மைன் எடுத்தேன், கை நடுங்கவே இல்லை.

சாயங்காலம் பங்கருக்கு வந்து பிரித்தேன். அப்பா தன் கையால் எழுதியிருந்தார்.

அந்த மாதிரிக் கடிதத்தைப் படித்த உடனே கிழித்துப் போட வேண்டும், வீட்டில் வைக்கக் கூடாது. நான் கிழிக்கவில்லை. அதுவும் என்னிடம் இருக்கிறது. என் டிஸ்சார்ஜ் புத்தகத்தின் அட்டைக்குள். இவ்வளவு வருஷம் ஒரே வீட்டில் இருந்தது, உனக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். லீவு கிடைக்கவில்லை என்று எழுதினேனே, அது பொய். மறுநாள் காலையில் அதிகாரியே கூப்பிட்டார். கடிதம் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். பத்து நாள் போய்விட்டு வா, இன்று மாலையே பதான்கோட்டுக்கு வண்டி போகிறது என்றார். வேலை பாக்கி இருக்கிறது சாப், முடித்துவிட்டுப் போகிறேன் என்றேன். அவர் என் தோளைத் தட்டினார். அன்றிலிருந்து யூனிட்டில் எனக்குக் கடமை தவறாதவன் என்று பெயர். நானும் இல்லை என்று சொல்லவில்லை.

வந்திருந்தால் திண்ணையில் அப்பா உட்கார்ந்திருப்பார். அவரைத் தாண்டித்தான் உன்னிடம் வர வேண்டும். என்னால் முடியவில்லை. உள்ளே வந்தால் நீ. பார்க்காத பிள்ளைக்கு எப்படி அழுவது என்று எனக்குத் தெரியவில்லை. உன் எதிரே அழுகை வராமல் போய்விட்டால் என்ன செய்வது? இதையும் சேர்த்துத்தான் பயந்தேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நீ எதற்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை? பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் எங்கள் கம்பெனியில் இருந்தான், மார்ச்சில் லீவில் வந்தான். நம் வீட்டுக்கும் வந்து மோர் குடித்துவிட்டுப் போனான் என்று எனக்குத் தெரியும். அவன் வாய் சும்மா இருந்திருக்காது. (பெயர் வேண்டாம், அவன் பிள்ளைகள் இதைப் படிக்கக்கூடும்.) நான் மே மாதம் வந்தபோது நீ சொம்பில் தண்ணீர் கொடுத்தாய், சாப்பிடுங்க என்றாய், அவ்வளவுதான். முப்பது நாள் லீவில் முப்பது நாளும் அவ்வளவுதான். ஏரிக்கரையில் எந்த இடம் என்றுகூட நீ காட்டவில்லை. உன் தம்பியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு தடவை கத்தியிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். நீ கத்தவில்லை. வாழ்நாள் முழுக்க உப்பு சரியாகப் போட்டுச் சமைத்தே என்னைத் தண்டித்துவிட்டாய்.

இதை எழுதியிருக்கக் கூடாது. பேத்தி அடித்துவிடட்டுமா என்று கேட்டாள். இருக்கட்டும் என்றேன்.

உனக்கு ஒரு நல்ல விஷயமும் சொல்கிறேன். மணியார்டர் ரசீது திரும்பி வரும், ஞாபகம் இருக்கிறதா? உன் பெயருக்கு அனுப்ப ஆரம்பித்த பிறகு வந்ததில் எல்லாம் கட்டைவிரல் ரேகை. 1975-ல் ஒன்று வந்தது, அதில் கையெழுத்து. கோணல்மாணலாக, கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் கோட்டுக்கு வெளியே ஏறியிருந்தது. அதைப் பாரக் முழுக்கக் காட்டினேன். ஒருவன் விடாமல் காட்டினேன். மைன் எடுத்ததற்குத் தோளைத் தட்டியபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை. தம்பியிடம் கற்றுக்கொண்டாய் என்று பிறகு தெரிந்தது. எதை வைத்துக் கற்றுக்கொண்டாய் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

முந்தாநாள் தெரிந்தது.

மஞ்சள் பையின் அடியில், லீவு கிடைக்கவில்லை என்று நான் எழுதிய அந்தப் பிப்ரவரிக் கடிதம் இருந்தது. 37-ல் அது ஒன்றுதான் வரிசையில் இல்லை. பின்பக்க மடிப்பில் நான் ஒன்றும் எழுதாமல் விட்ட இடம் முழுக்கப் பென்சில். ‘லீவு கிடைக்கவில்லை’. கீழே மறுபடி ‘லீவு கிடைக்கவில்லை’. முதல் நாலைந்து வரிகளில் ‘கிடக்கவில்லை’ என்று ஐகாரம் விட்டுப் போயிருக்கிறது, போகப்போகச் சரியாகிவிட்டது. எண்ணினேன், பதினெட்டு வரி. எழுதிப் பழக உனக்கு வேறு வாக்கியம் கிடைக்கவில்லையா? அந்தப் பொய்யை வைத்தா எழுத்துக் கற்றுக்கொண்டாய்? பொய் என்று தெரிந்து எழுதினாயா, தெரியாமல் எழுதினாயா?

கோபமாகத்தான் இருந்தது. பெரியவன் கேட்டான், என்னப்பா அது என்று. பழைய கணக்கு என்று சொல்லி மடித்து வைத்துவிட்டேன். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். பதினெட்டாவது வரிக்குக் கீழே, ஓரத்தில், இன்னும் சின்னதாக ஒரு சொல் இருக்கிறது. பென்சில் மங்கிவிட்டது, விளக்கைக் கிட்டத்தில் வைத்துத்தான் படிக்க முடிந்தது. நான் எழுதி அனுப்பிய மூன்றில் இரண்டாவது.

பெயர் வைக்கவில்லை என்றே இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது எது என்று பேத்தி இரண்டு நாளாகக் கேட்கிறாள். நான் கொடுத்த தாளில் அது இல்லை. நேற்றுக் காலையில் ஏரிக்கரைக்குப் போனேன். கரையை உயர்த்திவிட்டார்கள், நுணா மரம் இல்லை, இடம் சரியாக அடையாளம் தெரியவில்லை. இங்கேதான் இருக்கும் என்று தோன்றிய இடத்தில் நின்று இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு வந்தேன். ஆடு மேய்க்கிற பையன் ஒருவன் திரும்பிப் பார்த்தான்.