நாலு எண்ணும் ஒரு தராசும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் ஆஸ்பத்திரிக் கழிவு பற்றி வந்த கட்டுரையில், ‘பதிவேட்டில் நாலு எண் எழுதக்கூட நர்ஸ்களுக்குச் சோம்பல்’ என்று ஒரு வரி. எழுதியவர் எந்த வார்டில் எத்தனை ராத்திரி கண் விழித்தார் என்று கேட்கமாட்டேன். மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் 27 வருஷம் நான் விழித்தேன், அவ்வளவுதான்.

அந்த நாலு எண் எப்படி வருகிறது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. கழிவை மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என நிறவாரியாகப் பிரித்து, எடை போட்டு, பார்கோடு ஒட்டி, அன்றன்றைக்கே பதிவேட்டில் ஏற்ற வேண்டும். மாதக் கணக்கை ஆஸ்பத்திரி தன் இணையதளத்தில் போட வேண்டும் என்று 2016-ஆம் வருஷ மருத்துவக் கழிவு விதியே சொல்கிறது. எங்கள் வார்டு மூன்றாவது மாடி. தராசு கீழே ஜெனரேட்டருக்குப் பின்னால், கட்டடத்துக்கே ஒன்று. அதுவும் எட்டு மாதம் ரிப்பேர். போய்ச் சொன்னால் மேனேஜர், “நேத்து போட்டதையே போடுங்க சிஸ்டர்” என்றார். போட்டோம். டெங்கு மாதத்தில் வராந்தாவில் கட்டில் போட்டபோதும் மஞ்சள் 4.2 கிலோ, பாதி வார்டு காலியான தீபாவளியன்றும் 4.2 கிலோ. சோதனைக்கு வந்தவர்கள் புரட்டிப் பார்த்து, “கையெழுத்து முத்து முத்தா இருக்கே” என்று பாராட்டிவிட்டுக் காபி குடித்துப் போனார்கள். சோம்பேறியின் கையெழுத்து ஐயா அது.

தராசு சரியானதும் வேறு வம்பு. சிவப்புப் பை 11 கிலோ என்று நான் எழுதி அனுப்பினால், கழிவை எடுத்துப்போகும் வண்டிக்காரர் தந்த சீட்டில் ஆறு. மிச்ச ஐந்து கிலோ டியூபும் டிரிப்ஸ் பாட்டிலும் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறிப் போயினவா? கேட்டேன். மறுமாதம் முழுக்க எனக்கு நைட் டியூட்டி.

மஞ்சள் பையில் யாரோ போட்ட ஊசி எங்கள் ஆயாம்மா கையில் ஏறியது. ஒப்பந்த ஆள். மஞ்சள்காமாலைத் தடுப்பூசிகூடப் போட்டிருக்கவில்லை. விபத்துக்கென்று இருக்கும் படிவத்தில் அவள் பெயர் ஏறவே இல்லை. இதை 2019-இல் தங்களுக்கு எழுதினேன். இரண்டு வரியாக நறுக்கி, சமையல் குறிப்புக்குக் கீழே போட்டீர்கள். மே 12, செவிலியர் தினம் வந்தால் மட்டும் நாங்கள் வெள்ளுடை தேவதைகள்!

போகட்டும். அதே கட்டுரையில், சிவப்புப் பையில் உள்ளதை எரிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. தவறு. அது நீராவியில் கிருமி நீக்கி, துண்டாக்கி, மறுசுழற்சிக்குப் போகும் பிளாஸ்டிக். குளோரின் கலந்த பிளாஸ்டிக்கை எரித்தால் டயாக்ஸின் என்ற நஞ்சு வரும். தங்கள் பத்திரிகையைப் படித்துவிட்டு ஏதாவது ஒரு பயிற்சிப் பெண் டிரிப்ஸ் டியூபை எரிக்கப் போகும் மஞ்சள் பையில் போட்டால், அந்த எடையும் கெடும். அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில் திருத்தம் போடுங்கள்.

என் பெயர் வேண்டாம். தங்கச்சி மகள் அங்கேதான் வேலை பார்க்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
வில்லாபுரம், மதுரை.