அடிமட்டம் வைத்து அளக்க முடியாத பாடநூல்

பாடநூல்கள் பற்றி முடிவெடுக்கும் மதிப்பிற்குரிய கல்வி அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறேன். இந்தத் தவணையில் என்னுடைய பத்தாம் தர வகுப்பில் 11 பிள்ளைகளுக்குப் புத்தகம் வந்து சேரவில்லை. கல்வி அலுவலகத்தில் தொலைபேசியில் கேட்டபோது கிடைத்த பதில் இது: “அதுதான் ஒன்லைனில் இருக்கிறதே டீச்சர், இறக்கி வட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். இனி எல்லாம் டிஜிட்டல்தானே.”

போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஒரு மாலை அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியின் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, போனேன். வீட்டில் இருப்பது ஒரே போன். அம்மா கொழுந்து மலையிலிருந்து இறங்கி வந்த பிறகுதான் அது பிள்ளைகள் கைக்குக் கிடைக்கும். தம்பிக்கும் தங்கைக்கும் அதே போன்தான். அவள் முறை வந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து இடவிளக்கப்படப் பயிற்சியை, அதாவது மலை, ஆறு, பாதையெல்லாம் அளவோடு காட்டும் வரைபடப் பயிற்சியை, திறந்தாள். இரண்டு பாலங்களுக்கு இடையில் ஆற்றின் நீளத்தைக் காண வேண்டும். 1:50,000 படத்தில் 2 சென்ரிமீற்றர் என்றால் நிலத்தில் 1 கிலோமீற்றர். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். வெடித்த கண்ணாடியின் மேல் அடிமட்டத்தை வைத்தாள். முழுப் பக்கமும் திரையில் தெரியும்போது ஒரு சென்ரிமீற்றர்கூட வரவில்லை. எழுத்துத் தெரியவில்லை என்று இரண்டு விரலால் பெருப்பித்தாள், இப்போது நான்கரை. இன்னும் கொஞ்சம் பெருப்பித்தால் ஆறு சென்ரிமீற்றர்.

“எது டீச்சர் சரி?” என்று கேட்டாள்.

படத்தின் தூரம் நிலத்தில் எவ்வளவு என்று காட்டும் நேர்கோட்டு அளவுத்திட்டத்தைப் பார் என்று சொல்லியிருக்கலாம். அது பக்கத்தின் அடியில் இருக்கிறது. படத்தைப் பெருப்பித்தால் அது திரைக்கு வெளியே போய்விடும். அதைக் கொண்டுவந்தால் ஆறு போய்விடும். கடதாசியில் படித்த எந்தப் பிள்ளையும் 18 வருடத்தில் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோட்டின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பிரதி எடுக்கவும், பென்சிலால் ஆற்றைத் தொடர்ந்து போகவும், ஓரத்தில் குறிப்பு எழுதவும் புத்தகத்தில்தான் முடியும். என் பாடத்தில் பாதி கையால் செய்கிற வேலை.

டிஜிட்டல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எரிமலை வெடிப்பதை அசையும் படமாகப் பார்த்த நாளில் என் வகுப்பே எழுந்து நின்றது. அதற்கு மின்வடிவம் வேண்டும். ஆனால் அது அச்சுப் புத்தகத்துக்குத் துணையாக வர வேண்டும். புத்தகம் முதலில் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

2021இல் தொற்றுக்காலத்தில் பிபிலைப் பக்கத்துப் பிள்ளைகள் சிக்னலுக்காகக் காட்டைக் கடந்து பாறை மேல் ஏறியதை நாடே பார்த்தது. அதைப் பார்த்த பிறகும் “ஒன்லைனில் இருக்கிறதே” என்று எப்படி வாய் வருகிறது? கடதாசி இல்லாமல் 2022 மார்ச்சில் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிவைத்தார்கள். அச்சடிப்பதன் கஷ்டம் எனக்கும் புரிகிறது. ஆனால் அரசாங்கத்துக்கு மிஞ்சுகிற அச்சுச் செலவு எங்கே போகிறது? டேட்டா அட்டையாகவும் போட்டோகொப்பிக் காசாகவும் ஒரு கொழுந்து பறிக்கும் தாயின் நாட்சம்பளத்தில் வந்து விழுகிறது. 1980 முதல் இலவசமாகக் கொடுத்து வந்த பாடநூலை இப்படிச் சத்தமில்லாமல் விலைக்கு விற்பது நியாயமா?

வசதி உள்ள நாடுகளே நின்று யோசிக்கின்றன. சுவீடன் 2023இல் பாடசாலைகளுக்கு அச்சுப் புத்தகம் வாங்க 685 மில்லியன் குரோனா ஒதுக்கியது. தென்கொரியா 2025 மார்ச்சில் செயற்கை நுண்ணறிவுப் பாடநூல்களை வகுப்புக்குக் கொண்டுவந்தது. ஓகஸ்டில் அந்நாட்டு நாடாளுமன்றம் அவற்றின் பாடநூல் தகுதியையே எடுத்துவிட்டது. அங்கே இணைய வேகத்துக்கும் கருவிகளுக்கும் குறைவில்லை.

எழுத்துரு விஷயத்தையும் சொல்லாமல் விட முடியவில்லை. நான் இறக்கிய தமிழ்க் கோப்புகளில் சில, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யுனிகோடில் இல்லை. ஒரு சொல்லைத் தேடினால் அகப்படாது. ஒரு வரியைப் பிரதி எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாக வந்து விழுகிறது. பார்வையற்ற ஒரு பிள்ளைக்கு அதைப் போன் எப்படி வாசித்துக் காட்டும்? மின்வடிவம் தருவதானால் தமிழ்ப் பிள்ளைக்கும் ஒழுங்கான மின்வடிவமாகத் தர வேண்டும்.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வேண்டுகோள் மாறவில்லை: எந்தத் தரத்திலும், எந்தப் பாடத்திலும், அச்சுப் புத்தகம் பிள்ளையின் கைக்கு வந்த பிறகே அதன் டிஜிட்டல் வடிவத்தைப் பற்றிப் பேசுங்கள். சாதாரண தரப் பரீட்சை மண்டபத்தில் இந்தப் பிள்ளைகள் முன் வைக்கப்படுவது கடதாசியில் அச்சிட்ட படம்தான். அதை அளந்து பழக அவர்களுக்கு நாள் வேண்டும்.

தயவுசெய்து அந்த 11 புத்தகங்களையும் இந்தத் தவணை முடிவதற்குள் அனுப்பிவையுங்கள். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து தூக்கி வர ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தோட்டப் பாடசாலைப் புவியியல் ஆசிரியை